அந்தப் பெயர் வேண்டாம் என்று நான் சொன்ன காரணம்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை சுபாங் ஜெயாவில் உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நான் "வேண்டாம்" என்றேன். ஏன் என்று நீ மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் நான் பதில் சொல்லவில்லை. பிறந்து பதினோரு நாள் ஆன உன் மகள் அவள் அம்மா மடியில் கிடந்தாள். ரேணுவின் கைபேசியில் அந்தப் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, இந்தப் பாட்டுக்கு மட்டும்தான் பாப்பா அழுகைய நிறுத்துறா. நீங்களே பாருங்களேன்," என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். குழந்தை உண்டாகியிருந்த காலத்தில் வேலைக்குப் போகவர நெரிசலில் ஊர்ந்த நேரமெல்லாம் அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்பதும், பாட்டில் வரும் பெண் பெயர்களாகவே ஆறு எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு எல்லோரையும் ஓட்டுப் போடச் சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியும். உன் சித்தி, "ஐயோ, இது பழைய பேரு லா, என் கிளாஸ்லயே நாலு பேரு இருந்தாங்க," என்று எழுதியதையும், அதற்கு நீ, "நாலு பேருமே அழகா இருந்தாங்களா சித்தி?" என்று கேட்டதையும் படித்துச் சிரித்தேன். அந்தப் பட்டியலில் நான்காவதாக இருந்த பெயரை மட்டும் பார்க்காதது போல இருந்துவிட்டேன். அதுதான் ஜெயிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அத நிறுத்தும்மா. வேற பேரு பாருங்க," என்று நான் சொன்னதும் ரேணுவின் முகம் மாறியது. உன் அம்மா, "பேத்தி பேருல உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" என்றாள். நீ எழுந்து நின்றாய். "முப்பது வருஷம் ஊருல உள்ளவங்களயெல்லாம் ஏன், எதுக்கு, எப்படின்னு கேட்டுக் கேட்டு பேப்பருல எழுதினீங்க. உங்க மகன் ஒரே ஒரு ஏன் கேட்டா வாயத் தொறக்க மாட்டீங்களாப்பா?" என்றாய். நியாயமான கேள்வி. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். உன் அம்மா பின்னாலேயே வந்தாள். பிரிக்பீல்ட்ஸில் நம் வீட்டுக்குத் திரும்பும்வரை ரயிலில் வேறு இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுச் சண்டையை எதற்காகப் பத்திரிகையில் எழுதுகிறீர்கள் என்று நீ கோபப்படுவாய். உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம், தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். இது அச்சில் வர வேண்டும் என்று கேட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் யார், ஏன் கேட்டார் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த நாளேடு இப்போது வருவதில்லை. இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னோடு பழகியவர் என்பதால் இடம் கொடுத்திருக்கிறார். நீயும் ரேணுவும் தேர்ந்தெடுத்த அந்தப் பெயரை இந்தக் கடிதத்தில் எந்த இடத்திலும் நான் எழுதப் போவதில்லை. அதற்கும் காரணம் உண்டு.

என் வேலையில் மிகக் கஷ்டமான பகுதி எது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. செத்தவர்களின் வீட்டாரைப் பேச வைப்பதுதான். விபத்து, கொலை, நீரில் மூழ்கியது எதுவாக இருந்தாலும் பாலாயில், அதாவது காவல் நிலையத்தில், போலீஸ்காரர் பெயர், வயது, இடம் சொல்லிவிடுவார். அதற்கு மேல் வேண்டுமென்றால் பிணவறை வாசலுக்குப் போக வேண்டும். அங்கே மரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய்ப் படம் ஒன்று கேட்க வேண்டும், நாலு வார்த்தை வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எப்படி நடந்தது?" என்று கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒருவர் என் நோட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். பிறகு ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தேன். "இந்தப் பேர் யாருங்க வச்சது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களை நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழுதுகொண்டிருந்தாலும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான்தான் வச்சேன், எங்கம்மா வச்சாங்க, கோயில் ஐயர் எழுத்துக் கொடுத்தாரு என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு எல்லாம் வந்துவிடும். இளம் நிருபர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். அதைச் சொல்லிக் கொடுத்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நம் ஊரில் எத்தனை பெண் பிள்ளைகளுக்குப் பாட்டிலிருந்து பெயர் வந்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரிய வந்தது. அதை இளப்பமாக நினைப்பவன் அல்ல நான். நம்முடைய பாட்டன்மார்களின் பெயரைத் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி தன் காதில் விழுந்தபடி எழுதினார். அதற்கு அடுத்த தலைமுறைக்கு எழுத்தும் நட்சத்திரமும் பார்த்து வேறு யாரோ சொன்னார்கள். ஓர் அப்பாவும் அம்மாவும் தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பெயர் வைக்கத் தொடங்கியது வானொலி வந்த பிறகுதான். கிள்ளானில் ஒரு லோரி ஓட்டுநர் தன் மூன்று மகள்களுக்கும் ஒரே பாடகி பாடிய மூன்று பாட்டுகளிலிருந்து பெயர் வைத்திருந்தார். எனக்குச் சொல்லும்போது மூன்றையும் பாடிக் காட்டினார். உன் பெயரை யார் வைத்தது என்று என்னிடம் யாராவது கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஒரு கதையும் கிடையாது. உனக்குப் பெயர் பதிந்த அன்றைக்கு ஒரு கொலை வழக்கின் தீர்ப்புக்காக நீதிமன்றத்தில் காத்திருந்தேன். உன் அம்மாவே யோசித்து, உன் அம்மாவே பதிவு இலாகாவுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருடம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிள்ளான் அரசாங்க மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே ஒருவரைப் பார்த்தேன். முந்திய நாள் மாலை, மழையில், தொழிற்சாலை வேலை முடிந்து ஒரு பையனின் மோட்டார் பின்னால் உட்கார்ந்து வந்த பெண்ணைச் சிம்பாங் சந்திப்பில் திரும்பிய லோரி ஒன்று இடித்துவிட்டது. அவளுக்கு வயது பத்தொன்பது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. பையனுக்குக் கால் உடைந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி. சீருடையோடு வந்திருந்தார். பிளாஸ்டிக் பையில் தேநீர் வாங்கிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரும் குடித்தார், நானும் குடித்தேன். பிறகு என் கேள்வியைக் கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். உண்மையாகவே சிரித்தார். "நான்தான் சார். அவ பொறந்த அன்னிக்கு முடி வெட்டப் போயிருந்தேன். கடையில அந்தப் பாட்டு ஓடுச்சு. பாதித் தலை வெட்டினதோட எந்திரிச்சு நின்னுட்டேன் சார். கடக்காரன் பயந்துட்டான். பேனா கேட்டேன், சிகரெட்டுப் பொட்டிய கிழிச்சு உள்தாள்ல பேர எழுதிக்கிட்டேன். மறந்துருவேனோன்னு பயம். வீட்டுக்காரி மொதல்ல வேணாம்னா. நான் விடல." அதன் பிறகு அழுதார். தன் பையிலிருந்து மகளின் அடையாள அட்டையை எடுத்து என்னிடம் காட்டினார். ரேணுவின் கைபேசியில் ஓடிய அதே பாட்டில் வரும் பெயர், அதன் பின்னால் அவருடைய பெயர். அட்டையில் இருந்த படத்தை எங்கள் நாளேட்டின் படக்காரர் தன் கேமராவில் எடுத்துக்கொண்டார்.

அது ஒரு காதல் பாட்டு. காதலன் காதலியைப் பெயர் சொல்லித் தன்னோடு வரச் சொல்லி அழைப்பான். எங்கள் நாளேட்டில் பாட்டு வரியைத் தலைப்பாக வைப்பது வழக்கம். வாசகர்களுக்குப் பிடிக்கும், கடையில் தொங்கும்போது பார்த்ததும் கை நீளும். தலைப்பு வைப்பது உதவி ஆசிரியரின் வேலை. அன்றைக்கு நானாகவே வைத்தேன். பாட்டில் அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் வரியை எடுத்து, கடைசிச் சொல்லை மட்டும் சாவுக்குப் பொருந்தும்படி மாற்றினேன். உதவி ஆசிரியர் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். "தூள்பா," என்றார். முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி அகலத்துக்கு வந்தது. உள்ளே நான் எழுதிய செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. இடம், நேரம், லோரியின் நிறம், எல்லாம் சரி. பையன் அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் எழுதவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்தத் தலைப்பைப் படித்தவர்களுக்கு எழுதத் தேவையே இருக்கவில்லை.

புதன்கிழமை காலை உன் அம்மா உன் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பத்திரிகையைப் பார்த்தாள். "இது லவ்வுன்னு யாருங்க சொன்னா?" என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல. தலைப்பு அப்படித்தான். பாட்டு வரி."

"அந்தப் புள்ளையோட அம்மா படிக்கத் தெரிஞ்சவங்களா?"

நான் வேலைக்குக் கிளம்பினேன். உன் அம்மாவுக்கு இது ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அன்று பதில் தெரியாது. இன்று தெரியும். அந்த அம்மா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். கோபமாகப் பேசவில்லை, அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை. "சார், அன்னிக்குப் பேக்டரி பஸ்ஸு வரல. மழை ஊத்துது. பொம்பளப் புள்ளைங்க நாலு பேரு நின்னுச்சுங்க. வழியில வீடு உள்ள பையன்களக் கூப்பிட்டு ஆளுக்கு ஒருத்தர கொண்டு போய் விடுங்கடான்னு நான்தான் சொன்னேன். அந்தப் பையன் முடியாதுன்னான். அவன் வீடு வேற பக்கம். நான்தான் திட்டி அனுப்புனேன். அதுங்க ரெண்டும் அதுக்கு முன்ன பேசினது கூடக் கிடையாது சார். இத நீங்க போடணும்." பார்க்கிறேன் என்று சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்று மாலை ஒரு தேர்தல் கூட்டத்துக்குப் போனேன். மறுநாள் வேறு செய்தி. ஆசிரியர் மறுத்துவிட்டார் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருக்கும். ஆசிரியரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் என் தலைப்பு தப்பு என்று ஆகும், எல்லோரும் பாராட்டிய தலைப்பு. அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் தேடிப் பார்த்தேன், வேறு எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகக் காதில் விழுந்தன. உடைந்த காலோடு தாங்குகட்டை ஊன்றிப் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அந்தப் பையனைப் பெண்ணின் மாமன்மார்கள் வாசலிலேயே அடித்தார்கள். வீட்டாரைப் பார்க்க வந்த உறவினர்கள் துக்கம் கேட்டுவிட்டு, போகும்போது குரலைத் தாழ்த்தி, "எத்தன நாளா?" என்று கேட்டார்களாம். ஆறு மாதத்தில் அவர்கள் கிள்ளானை விட்டுப் போய்விட்டார்கள். செலாயாங்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், முகவரியும் வாங்கினேன். ஒரு தடவை அந்தத் தெருமுனைவரை காரில் போய்த் திரும்பி வந்தேன். நம் காரில் ரேடியோ போட்டால் நான் அணைத்துவிடுவேன் என்று நீ சின்ன வயதில் சண்டை போடுவாய். அந்தப் பாட்டு எப்போது வரும் என்று தெரியாதே. அப்பாவுக்குப் பாட்டுப் பிடிக்காது என்று நீயாக ஒரு முடிவுக்கு வந்தாய். பாட்டே இல்லாத வீட்டில் வளர்ந்த உன் வாழ்க்கைக்குள் பாட்டைக் கொண்டுவந்தது ரேணுதான். அவள் கொண்டுவந்தவற்றில் இதுவும் ஒன்றாக இருந்ததற்கு அவள் பொறுப்பல்ல. அவளிடம் அதை என் சார்பில் நீயே சொல்.

உன் வீட்டிலிருந்து வந்த மறுநாள், திங்கள்கிழமை காலை, செலாயாங் போனேன். இந்த முறை தெருமுனையில் திரும்பவில்லை. இரும்புக் கதவைத் தட்டியதும் நாற்பதை நெருங்கும் வயதில் ஒருவர் வந்தார். பாசார் போரோங் மொத்தச் சந்தையில் காய்கறி இறக்கிவிட்டுச் சற்றுமுன்தான் வந்திருந்தார், காலில் ரப்பர் பூட்ஸ். அந்தப் பெண்ணின் தம்பி. நான் பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்று சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும் அங்கிள். மார்ச்சரியில அப்பாகூட உக்காந்து டீ குடிச்சீங்க. நானும் அங்கதான் நின்னேன். நீங்க என்னப் பாக்கல."

கதவைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார். "அப்ப நான் ஃபோர்ம் டூ, பதினாலு வயசு. நான் கிளாசுக்குள்ள நொழஞ்சா பின்னால ஒருத்தன் ஆரம்பிப்பான். அப்புறம் முழு கிளாசும் பாடும். மலாய்ப் பசங்க, சீனப் பசங்ககூடப் பாட்டக் கத்துக்கிட்டானுங்க அங்கிள். அர்த்தம் தெரியாமலே பாடுவானுங்க. பாடம் நடத்துற சிக்குவே ஒரு நாளு தானும் சேந்து சிரிச்சாரு. அதோட ஸ்கூல நிறுத்திட்டேன்." பிறகு திரும்பி, "ம்மா, பேப்பர்காரரு வந்திருக்காரு," என்றார். உள்ளேயிருந்து, "தொறந்து விடு," என்று குரல் கேட்டது.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பாசாருக்குப் போகிற பூண்டு, மூட்டை மூட்டையாக. கையில் துணி சுற்றியிருந்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை, அவரும் உட்காரச் சொல்லவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன். எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், என் மகனும் மருமகளும் அந்தப் பாட்டிலிருந்து அந்தப் பெயரை எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவர் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"இப்பக் கேக்க வந்தீங்களா? அன்னிக்குக் கேட்டிருக்கலாமே. வீட்டுல போனு இருந்துச்சு."

"தப்புதான்க்கா."

"எங்ககிட்ட என்னாத்துக்கு பெர்மிசன்? பேரு எங்களுதா? சினிமாவுல போட்டாங்க, எங்க வீட்டுக்காரரு கேட்டாரு, வச்சாரு. பிரிக்பீல்ட்ஸ்ல நின்னு அந்தப் பேர ஒரு கத்துக் கத்துனா பத்துப் பேரு திரும்பும். எல்லா வீட்டுக்கும் போயி வைக்காதீங்கன்னு சொல்ல முடியுமா?" இன்னொரு பூண்டை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "என் மவ செத்ததுக்கு அழுத நாளவிட, அவ அப்படிப்பட்டவ இல்லன்னு சொல்லிச் சொல்லி அழுத நாளுதான் அதிகம். இவரு அதுகூடச் சொல்ல மாட்டாரு. நான்தானே அந்தாளுகிட்ட பேர சொன்னேன், நான்தானே பாட்டுக் கத சொன்னேன்னு சொவத்தப் பாத்துக்கிட்டே இருந்தாரு. போற வரைக்கும் அதான். அந்த டீய நான் குடிச்சிருக்கக் கூடாதுன்னாரு ஒரு நாளு."

என் தொழிலில் நான் எதைத் திறமை என்று நினைத்தேனோ, அது அந்த மனிதரை என்ன செய்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் செத்து ஒன்பது வருடம் ஆகிறதாம்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "ம்," என்றார். மன்னித்தேன் என்று அதற்குப் பொருள் இல்லை. நான் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "உங்க மகன் வைக்கட்டும், வைக்காம போகட்டும். அது உங்க வீட்டு வெவகாரம். எனக்கு ஒண்ணு செய்ங்க. பஸ்ஸு வரலன்னு எழுதுங்க. பேப்பருல. எல்லாரும் படிச்சாங்கல்ல, எல்லாரும் படிக்கட்டும்."

"பேரப் போட்டு எழுதவாக்கா?"

"வேணாம். அவ பேர நீங்க ஒரு தடவ எழுதுனது போதும்."

அந்த வீட்டில் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. நம் ஜனங்களின் வீட்டில் முப்பது வருடம் நுழைந்து வெளியே வந்திருக்கிறேன். சாவு வீட்டில்கூட ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பியவர்கள் இல்லை. இவர்கள் அனுப்பினார்கள். அது சரிதான்.

ஆகவே எழுதுகிறேன். அன்று மாலை தொழிற்சாலைப் பேருந்து வரவில்லை. மழையில் நின்ற பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடும்படி மேற்பார்வையாளர் சில இளைஞர்களிடம் சொன்னார். வேறு பக்கம் போக வேண்டிய ஓர் இளைஞர் மறுத்தும், அவர் வற்புறுத்தியதால் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டார். இருவருக்கும் அதற்கு முன் பேச்சுப் பழக்கம்கூட இல்லை. விபத்துக்கு இரண்டு நாள் கழித்து வந்த செய்தியின் தலைப்பு தவறானது. அதை வைத்தவன் நான். செய்தி வந்த மூன்றாம் நாளே உண்மை தெரிந்தும் திருத்தம் வெளியிடாதவனும் நான். அந்த இளைஞர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. இதைப் படித்தால், அவருடைய பெயரையும் நான் கெடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி உன் விஷயம். ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன் அந்தப் பெயரோடு வருகிறவை எல்லாம் பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உனக்கும் ரேணுவுக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லாமல் அதிகாரம் மட்டும் செய்தேன். அப்பாக்கள் செய்கிற வேலைதான், ஆனாலும் கேவலம். இப்போது என்னிடம் இருந்தது முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பெயரை விட்டுவிடு என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கும் தகுதி அந்தச் செலாயாங் வீட்டுக்குத்தான் உண்டு, அவர்களே கேட்கவில்லை. வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அப்படிச் சொன்னால் என் மனப் பாரத்தை உன் மகளைக் கொண்டு இறக்கிவைக்கப் பார்க்கிறேன் என்று ஆகும். பதினெட்டு நாள் பிள்ளை அவள். யாருக்கும் எதற்கும் ஈடாக அவளை வைக்காதே. பாட்டுப் பிடித்திருந்தால், அவள் அதைக் கேட்டு அமைதியாகிறாள் என்றால், அந்தக் காரணத்துக்காக மட்டும் வை. இதைப் படித்த பிறகு அந்தப் பாட்டு ரேணுவுக்குக் கசந்துபோனால் வேறு பெயர் பார், எனக்காகச் செய்ததாக எங்கேயும் சொல்லாதே. நீ எதைச் செய்தாலும், அவளுக்குப் புரிகிற வயது வந்ததும் இந்தக் கதையைச் சொல்லிவிடு. என்னைப் போல இருபத்து மூன்று வருடம் எடுத்துக்கொள்ளாதே.

வரும் திங்கள்கிழமை நீ பதிவு இலாகாவுக்குப் போவதாக உன் அம்மா சொன்னாள். நான் வரவில்லை. உள்ளே படிவத்தில் என்ன எழுதினாய் என்று முப்பதாம் நாள் சடங்கில் எல்லோரோடும் சேர்ந்து தெரிந்துகொள்கிறேன். நம் வழக்கப்படி அன்றைக்குக் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும், தாத்தா முறையில் நானும் சொல்ல வேண்டும். ஒருவேளை அந்தப் பெயராகவே இருந்தால் தடுமாறக் கூடாது என்று, உன் அம்மா கோயிலுக்குப் போகும் நேரத்தில் வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். நான்கு நாளாகப் பழகுகிறேன். இரண்டு முறை வந்துவிடுகிறது, தம்பி. மூன்றாவது முறை சொல்லும்போதுதான் நின்றுவிடுகிறது.

அப்பா